மரமும் மண்ணும் பழக்கிய கை

சித்திரக் கலையைச் சீவனோபாயமாகக் கொள்ள விரும்பும் இளைஞர் இன்று நம்மிடையே பலர் உளர். நூலட்டை, விளம்பரம், அழைப்பிதழ், பத்திரிகைப் பக்கம் முதலியவற்றை அழகுற அமைக்கும் வரைகலைத் தொழிலை அவர்கள் நாடுகின்றனர். கணினித் திரையிலேயே யாவும் முடிந்துவிடும் இக்காலத்தில், மரக்கட்டையைச் செதுக்கி அச்செடுப்பதும் களிமண்ணைப் பிசைந்து உருவம் சமைப்பதும் எதற்கு என்று கேட்கின்றனர். ஈச்சிலம்பற்றிலே மாணவர்க்குச் சித்திரம் கற்பிக்கும் நான் இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். பெற்றோர் கேட்கும்போது அதனுள் வேறொரு கவலையும் தொனிக்கும். வயலிலும் கடலிலும் பாடுபட்டுச் சேர்த்த பணமும் பிள்ளையின் இளமையும் வீணாகிவிடுமோ என்னும் அச்சமே அது. அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு மறுமொழியாக ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துரைப்பதை நான் வழக்கமாகக் கொண்டுள்ளேன்.

அவர் சத்தியஜித் ராய். உலகம் அவரைத் திரைப்பட மேதை என்றே அறியும். திரைப்படத் துறையிற் புகுமுன் அவர் பல்லாண்டுகள் விளம்பரச் சித்திரக்காரராகவும் நூலட்டை அமைப்பாளராகவும் உழைத்துச் சம்பளம் பெற்றவர் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

ராய் 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்தார். அச்சு மையின் வாசனை அக்குடும்பத்தின் பரம்பரைச் சொத்து எனலாம். பாட்டனார் உபேந்திரகிசோர் ராய் சௌத்திரி, புகைப்படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ‘ஆப்டோன் பிளாக்’ முறையைத் தாமே ஆராய்ந்து தேர்ந்தவர். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை இங்கிலாந்தின் அச்சுத்தொழில் ஆண்டுமலர் வெளியிட்டது. 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் சஞ்சிகையை அவர் தொடங்கினார். தந்தையார் சுகுமார் ராயும் 1911இல் இங்கிலாந்து சென்று அச்சுக் கலையைப் பயின்று மீண்டவர். வங்கச் சிறுவர் இலக்கியத்திலே நகைச்சுவைக்கு அவரை விஞ்சியவர் இலர்.

ஆயினும் அச்செல்வம் நிலைக்கவில்லை. 1923இல் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்குச் சுகுமார் பலியானார். அப்போது குழந்தைக்கு வயது இரண்டே. சில ஆண்டுகளில் அச்சுக்கூடமும் நொடித்தது; வீடும் கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபா மகனுடன் தம் உடன்பிறந்தார் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். பெண்களுக்குக் கைப்பணி கற்பித்து ஈட்டிய சிறு வருவாயைக் கொண்டு அவர் மகனைப் படிக்கவைத்தார். தையலிலும் களிமண் உருவம் சமைப்பதிலும் அவருடைய கை தேர்ந்தது. மகன் முதலிற் கண்ட சிற்பியின் கை அன்னையின் கையே எனலாம்.

மாநிலக் கல்லூரியிலே பட்டப்படிப்பை முடித்த ராய்க்கு விளம்பரச் சித்திரக்காரராக வேண்டும் என்பதே எண்ணம். உடனே வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு உதவியாய் இருந்திருக்கும். தாயாரோ அவர் சாந்தி நிகேதனத்திற்குச் செல்லவேண்டும் என்று விரும்பினார். கல்கத்தாவை விட்டு அகல மனமில்லாதபோதும், 1940இல் அவர் அங்கே கலாபவனத்திற் சேர்ந்தார். விளம்பரக் கலை என்றொரு பாடமே அங்கு இல்லை. நந்தலால் போசு, வினோத விகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பெய்ஜ் ஆகிய மூவரும் அங்கே ஆசிரியர்களாய் இருந்தனர்.

கலாபவனத்திலே தூரிகைக்கு ஒத்த மதிப்பு உளிக்கும் இருந்தது. தாகூர் குழந்தைகளுக்கென எழுதிய ‘சகஜ பாடம்’ என்னும் நூலுக்கு நந்தலால் 1930இலேயே லினோலியத் தகட்டிற் செதுக்கிப் படங்கள் ஆக்கியிருந்தார். தண்டி யாத்திரை செல்லும் காந்தியடிகளைக் கோலூன்றிய உருவமாக அவர் செதுக்கியதும் அதே ஆண்டில்தான். அப்படத்திலே கறுப்பும் வெண்மையும் அன்றி வேறு நிறம் இல்லை. கோடுகளும் மிகச் சிலவே. ஆயினும் ஒரு தேசத்தின் நெஞ்சிலே அது பதிந்துவிட்டது.

அச்சுக்கட்டை மாணவனுக்குக் கற்பிப்பது யாது? செதுக்கிய இடம் வெண்மையாகும். விட்ட இடமே மையை ஏற்கும். இடம் வலமாக மாறும். ஒருமுறை வெட்டியதை மீண்டும் ஒட்டமுடியாது. ஆகவே உளியை வைக்குமுன் எது வேண்டும், எது வேண்டா என்று மனம் தெளிந்தாக வேண்டும். அட்டையோ விளம்பரமோ அமைப்பவனுக்கு இத்தெளிவைக் காட்டிலும் பெரிய மூலதனம் உண்டா? கணினியிலே ஒரு விசையைத் தட்டினால் பிழை மறைந்துவிடும். அதனாலேயே முன்கூட்டிச் சிந்திக்கும் பழக்கமும் மறைந்துபோகிறது.

சிற்பம் கற்பிப்பது வேறு. ராம்கிங்கர் 1938இல் சீமெந்தும் செம்பூரான் கற்சரளையும் கலந்து சமைத்த ‘சந்தால் குடும்பம்’ கலாபவனத்தின் திறந்த வெளியிலே நின்றது. கூலி வேலை தேடிப் பெயர்ந்து செல்லும் ஏழைக் குடும்பம் அது. வெயில் சாயச் சாய அதன் நிழல் மாறும்; சுற்றி வரும்போது உருவமும் மாறும். அத்தகைய சிற்பத்தின் அருகே நாடோறும் நடப்பவன், பொருளுக்குக் கனம் உண்டு என்பதையும் பின்புறமும் உண்டு என்பதையும் மறவான். மாணவப் பருவத்திலேயே ராய் அசந்தா, எல்லோரா, எலிபெண்டா ஆகிய குகைகளுக்கும் யாத்திரை சென்று வந்தார். மலையைக் குடைந்து தெய்வங்களை வெளிக்கொணர்ந்த உளிகளின் சுவடுகளை அங்கே கண்டார்.

1942ஆம் ஆண்டு நமக்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. டிசெம்பரிலே கல்கத்தாவின்மீதும் குண்டுகள் விழுந்தன. அம்மாதத்திலேயே ராய் சாந்தி நிகேதனத்தை விட்டு ஊர் திரும்பினார். ஐந்தாண்டுப் படிப்பிலே பாதிதான் முடிந்திருந்தது. சான்றிதழ் எதுவும் அவர் கையில் இல்லை. ஓவியராகும் தகுதி தமக்கில்லை என்று அவர் உணர்ந்திருந்தார். தாயாரின் பாரத்தைக் குறைக்கும் கடமையும் காத்திருந்தது.

1943 ஏப்பிரலில் டி. ஜே. கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்திலே மாதம் 80 ரூபாச் சம்பளத்தில் அவர் வேலைக்கமர்ந்தார். அதே காலத்தில் தில்லிப் குமார் குப்தா தொடங்கிய சிக்னெட் பிரசுரத்திற்கு நூலட்டைகளும் அமைக்கலானார். நேருவின் ‘கண்டுணர்ந்த இந்தியா’ 1946இல் அப்பிரசுரமாக வெளிவந்தபோது அதன் அட்டையை அமைத்தவரும் அவரே.

மரமும் மண்ணும் பழக்கிய கை இப்போது தன் வேலையைக் காட்டிற்று. ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்கு அவர் மரச்செதுக்கு அச்சின் சாயலிலே கறுப்பு வெள்ளைப் படங்கள் வரைந்தார். அந்நூலைப் படமாக்கும் விதை அவர் உள்ளத்தில் விழுந்தது அப்பணியின்போதுதான். 1955இல் வெளிவந்த அத்திரைப்படம் உலகையே வியக்கவைத்தது.

குமாவுன் காட்டின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதிய நூலின் வங்க மொழிபெயர்ப்புக்கு அவர் அமைத்த அட்டை இன்னும் வியப்புக்குரியது. அட்டை முழுவதும் புலித்தோலின் வரிகளே. முன்னட்டையில் துப்பாக்கிக் குண்டு துளைத்துப் புகுந்த சிறு துளை. பின்னட்டையில் அது வெளியேறிய பெருந்துளை. நூலுக்கு முன்னும் பின்னும் உண்டு, நடுவே கனமும் உண்டு என்று எண்ணிய சிற்பியின் மனத்துக்கே இக்கற்பனை தோன்றும். தட்டையான தாளை மட்டும் கண்டவன் முன்னட்டையோடு நின்றிருப்பான்.

பிற்காலத்தில் ‘ராய் ரோமன்’ முதலிய ஆங்கில எழுத்துருக்களையும் அவர் ஆக்கினார். தம் படங்களின் சுவரொட்டிகளையும் தாமே வரைந்தார். பாட்டனாரின் ‘சந்தேஷ்’ சஞ்சிகைக்கு 1961இல் மீண்டும் உயிரூட்டினார். கண்பார்வை இழந்த தம் ஆசான் வினோத விகாரியைப் பற்றி 1972இல் ஒரு குறும்படம் எடுத்துக் குருதட்சிணை செலுத்தினார். 1992 ஏப்பிரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

சாந்தி நிகேதனம் அவரைச் சிற்பியாகவோ ஓவியராகவோ ஆக்கவில்லை. கணக்குப் பார்க்கும் கண்ணுக்கு அந்த இரண்டரை ஆண்டும் நட்டமே. ஆயின், கைம்பெண்ணாகிய ஒரு தாய் தன் வறுமையையும் பொருட்படுத்தாது மகனுக்கு வாங்கிக் கொடுத்த அவகாசம் அது. அவகாசம் எல்லார்க்கும் அவ்வளவு கிடைக்காது என்பதை நான் அறிவேன். இரண்டரை ஆண்டு இல்லையேல் இரண்டு மாதமேனும் போதும். வெருகல் ஆற்றங்கரைக் களிமண்ணுக்கு விலை இல்லை. ஒரு துண்டுப் பலகையும் ஒரு சிற்றுளியும் எளிதிற் கிடைப்பனவே. பிள்ளையின் கைக்கு அவற்றைக் கொடுத்துப் பாருங்கள் என்பதே பெற்றோர்க்கு நான் கூறும் மறுமொழி. திரையின் முன் அமரும் நாளில், எதை விடுவது, எதை வைப்பது என்று அந்தக் கை அறிந்திருக்கும்.