சர்க்கார் மீது வழக்குப் போட்ட சேலம் வக்கீல்

1882-ம் ஆண்டு. சேலம் நகரத்தில் பெரிய கலகம் மூண்டது. இந்துக்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டார்கள். ஒரு மசூதி இடிக்கப்பட்டது. பலர் கைதானார்கள்.

கலகத்தைத் தூண்டிவிட்டவர் என்று ஒரு வக்கீலையும் பிடித்தார்கள். அவருக்கு வயது 30. வக்கீல் தொழிலுக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? பத்து ஆண்டுச் சிறை!

அவர்தான் சேலம் விஜயராகவாச்சாரியார்.

வாத்தியார் வக்கீலானார்

செங்கற்பட்டு ஜில்லாவில் பொன்விளைந்த களத்தூர் என்று ஓர் ஊர். அங்கே 1852-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். மங்களூரில் ஆசிரியராக இருந்தார். பிறகு சேலம் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார்.

சட்டத்தை அவர் வகுப்புக்குப் போய்ப் படிக்கவில்லை. தாமாகவே படித்துப் பரீட்சையில் தேறினார். 1881-ல் வக்கீலானார். மறு ஆண்டே சேலம் நகரசபை உறுப்பினரும் ஆனார். அந்த வேளையில்தான் கலகம் வந்தது.

விடுதலை

தண்டனையைக் கேட்டு அவர் மனம் தளரவில்லை. ஐகோர்ட்டுக்கு அப்பீல் செய்தார். பிரபல பாரிஸ்டர் நார்ட்டன் துரை அவருக்காக வாதாடினார். குற்றம் ருசுவாகவில்லை என்று விடுதலை கிடைத்தது.

வேறொருவராக இருந்தால், தப்பினோம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் அப்படி இருக்கவில்லை. நகரசபைப் பதவியிலிருந்து சர்க்கார் அவரை நீக்கியிருந்தது. நீக்கும் முன்பு அவருடைய சமாதானத்தைக் கேட்கவே இல்லை. இது சட்டத்துக்கு விரோதம் என்று சர்க்கார் மீதே வழக்குப் போட்டார்!

வெள்ளைக்காரன் ஆட்சி. நேற்று வரை சிறைக் கைதி. ஆனாலும் 1884-ல் சென்னை ஐகோர்ட்டில் அவரே ஜெயித்தார். சர்க்கார் அவருக்கு 100 ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

தொகை சிறிதுதான். ஆனால் ஒருவரைத் தண்டிக்கும் முன் அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற நியாயம் நிலைத்தது. சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு இடம் பெற்றது.

தாம் தப்பினால் போதும் என்றும் அவர் நினைக்கவில்லை. அந்தக் கலக வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காகவும் போராடினார். அவர்களும் விடுதலை அடைந்து ஊர் திரும்பினார்கள்.

தென்னாட்டுச் சிங்கம்

அவர் பெயர் நாடெங்கும் பரவியது. தென்னாட்டுச் சிங்கம் என்று மக்கள் அழைத்தார்கள். 1895-ல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் பணியாற்றினார். 1913-ல் டில்லிச் சட்டசபைக்கும் சென்றார்.

1920-ல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே தலைவர். அப்போது வயது 68. காந்திஜியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் அவருக்குத் தயக்கம் இருந்தது. அதைத் தலைமை உரையிலேயே மறைக்காமல் சொன்னார். ஆனாலும் சபை அந்தத் திட்டத்தை ஏற்றது.

பெண்களுக்குப் பால்ய விவாகம் கூடாது, தந்தை சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர் அவர்.

1944-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, 91-வது வயதில் காலமானார். பிறந்தது களத்தூரில் என்றாலும், சேலம் என்ற ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் நினைவாக ஒரு நூலகமும் மண்டபமும் சேலத்தில் எழுந்தன.