தெரியாததைத் தெரியாது என்றே எழுதச் சொன்னவர்

ஹட்டனில் இருந்து செய்நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். சில வருடங்களுக்கு முன், 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் விபரங்களை ஓர் அமைப்புக்காகக் கணினியில் ஏற்றினோம். படிவத்தில் ‘நிலை’ என்றொரு நிரல். உயிருடன், இறந்தவர் என்று இரண்டே தெரிவுகள். வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது. 2009இல் முள்ளிவாய்க்காலோடு காணாமல் போன என் சித்தப்பாவுக்கு யாரோ ‘இறந்தவர்’ என்று அழுத்திவிட்டார்கள். சித்தி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். படிவத்தை வடிவமைத்தவன் நான்தான்.

அதன் பிறகுதான் எட்கார் கொட்டைத் தேடி வாசித்தேன். எந்த வங்கியில் பணம் எடுத்தாலும் அவருடைய யோசனை பின்னால் இருக்கும். பெயர்தான் நம்மில் பலருக்குத் தெரியாது.

1923இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில், ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் கணிதமும் இரசாயனமும் படித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டினார். 1948இல் அமெரிக்கா போய், பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். அதே 1948இல்தான் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததைக் காட்டு என்றது. பதிவு இல்லை என்பதைப் பிறக்கவே இல்லை என்று வாசித்த சட்டம் அது. என் பாட்டனார் நாடற்றவரானார்.

மக்கார்த்தியின் கெடுபிடி பிடிக்காமல் கொட் 1953இல் கனடாவுக்குப் போனார். நான்கு வருடங்களில் திரும்பினார். 1965இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். பிறகு கலிபோர்னியாவின் சான் ஹோசே.

1970இல் அவர் எழுதிய கட்டுரைதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை தரவு மரம் போலக் கிளை பிரித்து அடுக்கப்பட்டிருந்தது. தோட்டம், டிவிசன், லயம், பிறகு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தேட அவர் எந்த லயம் என்று முதலில் தெரிய வேண்டும். அடுக்கின் ஒழுங்கை மாற்றினால் செய்நிரல் படுத்துவிடும். கொட் எல்லாவற்றையும் அட்டவணைகளாக்கினார். கணக்கப்பிள்ளை பேர் போடும் செக்ரோல் போல, ஒரு நிரையில் ஓர் ஆள், ஆளுக்கொரு இலக்கம். என்ன வேண்டும் என்று மட்டும் கேள். எங்கே, எப்படி எடுப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் வழி. இன்றும் நல்ல செய்நிரலாளர் அப்படித்தான் எழுதுவார்.

ஐ.பி.எம்.முக்கு இது உவப்பாக இல்லை. பழைய முறையில் நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தது. வெளியே இருந்த ஒராக்கிள் 1979இலேயே முந்திக்கொண்டது. 1981இல் கொட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது.

என்னை உலுக்கியது வேறொன்று. 1985இல் அவர் வகுத்த விதிகளில் ஒன்று, தெரியாத தகவலுக்குத் தனி அடையாளம் வேண்டும் என்கிறது. அது பூச்சியமும் அல்ல, வெற்றெழுத்தும் அல்ல. பின்னர் அதையும் இரண்டாகப் பிரிக்கக் கேட்டார்: மதிப்பு உண்டு, நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று, இவருக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது மற்றது. உயிரோடு இருப்பவருக்கு இறந்த திகதி பொருந்தாது. காணாமல் போனவருக்கு? இந்தப் பிரிவைத் துறை ஏற்கவில்லை. வேலை கூடும் என்றார்கள். எனக்கென்னவோ அவர் சொன்னதே சரியாகப் படுகிறது.

ஒரு தனி அடையாளத்தோடும் கவனம் வேண்டும். உயிருடன் இருப்போர் எத்தனை, இல்லாதோர் எத்தனை என்று கேட்டுக் கூட்டினால் மொத்தம் வராது. வெற்றுக் கட்டத்தில் இருப்பவர் இரண்டு கேள்விக்கும் அகப்படமாட்டார். அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காத அறிக்கையில் அவர் இன்னொரு முறை காணாமல் போகிறார்.

கொட் 2003 ஏப்ரல் 18இல் புளோரிடாவில், 79 வயதில் காலமானார்.

படிவத்தைத் திருத்திவிட்டேன். ‘தெரியவில்லை’ என்றொரு தெரிவு, யார் எப்போது சொன்னது என்று பக்கத்தில் ஒரு நிரல், அறிக்கையில் மூன்றாவதாக ஒரு கூட்டுத்தொகை. புதிய தாளை வவுனியாவுக்கு நானே கொண்டுபோனேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சித்தப்பாவின் நிரையை விரலால் தடவி இரண்டு முறை வாசித்தார். பிறகு மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.