ஜேம்ஸ் ஹார்னெல்

ஜேம்ஸ் ஹார்னெல் (1865 - 1949) பிரித்தானியக் கடல்சார் விலங்கியலாளரும் மரபுவழிப் படகுகளின் ஆய்வாளரும் ஆவார். மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகளை ஆராய வந்த இவர், தமிழகக் கரையின் கட்டுமரங்களையும் தோணிகளையும் விரிவாகப் பதிவு செய்தார். பிற்காலத்தில் பசிபிக் தீவுகளின் படகுகள் பற்றி இவர் எழுதிய நூல், இன்று கட்டமரான் எனப்படும் இரட்டை உடல் பாய்மரக் கலங்களை அமைப்போர் நாடும் ஆவணங்களுள் ஒன்றாகும்.

தொடக்க காலம்

1890களில் ஜெர்சித் தீவில் தம் மாமனார் யோசப் சினெல்லுடன் சேர்ந்து ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான கடலுயிர் மாதிரிகளை ஆயத்தம் செய்து விற்பது அந்நிலையத்தின் பணிகளுள் ஒன்று. 1902 இல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கையின் முத்துச் சிப்பிப் படுகைகளை ஆராயச் சென்றபோது ஹார்னெல் உடன் சென்றார். ஹெர்ட்மன் சில மாதங்களில் நாடு திரும்பினார், ஹார்னெல் தங்கிவிட்டார். நாடாப்புழுவின் இளம் பருவமே முத்துக்குக் கருவாகிறது என இருவரும் கூறிய கொள்கை பின்னாளில் கைவிடப்பட்டது.

மன்னார் வளைகுடாவும் கொற்கையும்

இலங்கைப் பணியைத் தொடர்ந்து சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்தார். அப்போது அத்துறை சர் பிரெடெரிக் நிக்கல்சனின் பொறுப்பில் இருந்தது. பின்னர் ஹார்னெலே அதன் இயக்குநரானார். தூத்துக்குடியின் முத்துக் குளிப்பும் சங்குக் குளிப்பும் இவரது நேரடிக் கவனத்தில் இருந்தன. இந்தியாவின் புனிதச் சங்கு பற்றிய இவரது நூல் 1914 இல் வெளிவந்தது. உயிரியலோடு நில்லாமல், சங்கு எவ்வாறு வங்காளம் சென்று வளையலாகிறது என்பதையும் அது விரிவாகக் கூறுகிறது. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை, தாமிரபரணியின் வண்டல் படிவால் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே உள்ளது. அங்கு கிடைத்த, அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளைக் கொண்டு, வளையல் தொழில் முற்காலத்தில் இக்கரையிலேயே நடைபெற்றதென ஹார்னெல் காட்டினார்.

கட்டுமரங்கள் பற்றிய ஆய்வு

இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் குறித்த இவரது கட்டுரை 1920 இல் வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. சோழமண்டலக் கரையின் கட்டுமரம், படகு என்ற சொல்லுக்குரிய பொருளில் படகே அன்று. அது மிதக்கும் மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் பிணைத்த தெப்பம். நீர் மரங்களின் இடையே புகுந்து வெளியேறிவிடுவதால் அதில் நீர் நிரம்பி மூழ்கும் பேச்சுக்கு இடமில்லை. துறைமுகம் இல்லாத, அலை ஓயாது உடையும் மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் காண்பது அரிது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். நீர் ஊறிய மரம் கனத்துவிடும். நாகப்பட்டினப் பகுதியில் கோலா மீன் பிடிக்கச் செல்லும் பெரிய கோலாமரம் வேறொரு வகை. பாக்கு நீரிணையில், படகின் குறுக்கே நீட்டிய பலகையின் மீது ஆட்கள் ஏறி அமர்ந்து படகு சாயாமல் காக்கும் முறையையும் ஹார்னெல் விவரித்தார்.

இவ்வடிவங்கள் சிலவற்றில் பொலினீசியத் தொடர்பைக் கண்ட அவர், திராவிடர்க்கு முற்பட்ட காலத்தில் அத்தகைய மக்கள் தென்னிந்தியக் கரையில் குடியேறினர் எனக் கருதினார். இம்முடிவு பொதுவாக ஏற்கப்படவில்லை. ஆஸ்திரோனேசிய மாலுமிகள் மடகாஸ்கர் வரை சென்றதை மொழியியல் உறுதிப்படுத்துகிறது. தமிழகக் குடியேற்றத்திற்கோ அத்தகைய உறுதியான சான்று இல்லை. எனினும் படகுகளின் அமைப்பைப் பற்றிய அவரது விவரிப்புகள் தம் மதிப்பை இழக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இன்னும் விரைவாகவும், கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்ததால் அவற்றின் தேவை கூடியுள்ளது.

பசிபிக் படகுகளும் கட்டமரானும்

கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புகுந்தது. 1876 இல் அமெரிக்கரான நத்தனியல் ஹெர்ஷாப் அமைத்த அமரில்லிஸ் என்ற இரட்டை உடல் கலமும் கட்டமரான் என்றே அறியப்பட்டது. இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் அமைப்பு பசிபிக் பகுதிக்கு உரியது. பெயர் மட்டுமே தமிழகக் கரையிலிருந்து சென்றது. இவ்விரண்டையும் பலர் இன்றும் குழப்பிக் கொள்கின்றனர்.

ஓய்வு பெற்ற ஹார்னெல் 1924-25 இல் செயின்ட் ஜார்ஜ் என்ற கப்பலில் பசிபிக் ஆய்வுப் பயணம் சென்றார். மானிடவியலாளர் ஆல்பிரட் ஹாடனுடன் இணைந்து ஓசியானியப் படகுகள் பற்றி அவர் எழுதிய மூன்று தொகுதிகளை ஹொனலுலுவின் பிசப் அருங்காட்சியகம் 1936 முதல் 1938 வரை வெளியிட்டது. இரட்டைப் படகுகளின் உடலமைப்பு, குறுக்குச் சட்டங்களைப் பிணைக்கும் முறை, பாய் ஆகியவை அதில் தீவு வாரியாக விளக்கப்பட்டுள்ளன. 1950களில் தாமே கட்டிய கட்டமரானில் அட்லாண்டிக்கைக் கடந்து, பின்னர் தொலைதூரப் பயணக் கட்டமரான்களின் புகழ்பெற்ற வடிவமைப்பாளரான ஜேம்ஸ் வாராம் (1928 - 2021) இந்நூலைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர்.

நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிய ஹார்னெலின் பெருநூல் 1946 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழக அச்சகத்தால் வெளியிடப்பட்டது. 1949 இல் அவர் காலமானார். பல நாடுகளின் மீன்பிடி முறைகளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த நூல் மறு ஆண்டில் அச்சேறியது.