மொன்டிசோரி யாருக்காகத் தொடங்கப்பட்டது?

மூன்று வயதுப் பிள்ளையை மொன்டிசோரிக்கு அனுப்புகிறோம் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதை ஆசிரிய கலாசாலையில்தான் நான் அறிந்துகொண்டேன். அவர் அதை யாருக்காகத் தொடங்கினார் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது.

மரியா மொன்டிசோரி 1870இல் இத்தாலியில் பிறந்தார். பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு பணியாற்றியதே அவரைக் கல்வியின் பக்கம் திருப்பியது.

ரோமின் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பாடசாலை வயதை எட்டாத பிள்ளைகள் கவனிப்பாரின்றிப் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பழுதாக்கினார்கள். கட்டட உரிமையாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். திருத்த வேலைக்குச் செலவாகும் பணத்தைப் பிள்ளைகளைப் பராமரிக்கக் கொடுத்தால் என்ன? பொறுப்பு மொன்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6ஆம் திகதி அதே கட்டடத்தில் முதலாவது சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது.

பெற்றோரிடம் கட்டணம் வாங்கவில்லை. பிள்ளையைச் சுத்தமாக அனுப்புவதும், ஆசிரியையை மதிப்பதும், அவரைச் சந்தித்துப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுமே அவர்களின் கடமை. அங்கு கண்டவற்றிலிருந்தே அவருடைய கல்வி முறை வளர்ந்து உலகெங்கும் பரவியது.

அவருடைய வாழ்விலும் ஒரு வலி இருந்தது. 1898இல் பிறந்த மகன் மரியோவைத் தன்னோடு வைத்து வளர்க்க அவரால் முடியவில்லை. வேறொரு குடும்பத்திடம் வளர்ந்த மகன், பதின்ம வயதிலேயே தாயிடம் வந்து சேர்ந்தார். 1939இல் இருவரும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். யுத்தம் காரணமாக அங்கேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கையிலும் அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1952இல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்று நம் நாட்டில் அந்தப் பெயரைத் தாங்கிய பல இடங்களின் கட்டணத்தைக் கேட்டாலே கூலித் தொழிலாளி திரும்பிப் போய்விடுவார். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது இரு பிள்ளைகளின் தாய், வேலையை விட்டுவிட்டாள். பராமரிப்புக் கட்டணமும் பஸ் காசும் போக, சம்பளத்தில் எதுவும் மிஞ்சவில்லை என்றாள்.

நல்ல பராமரிப்பு மலிவாகக் கிடைக்காது என்பதும் உண்மை. சின்னப் பிள்ளைகள் ஒரு சிலரைத்தான் ஒருவரால் ஒழுங்காகப் பார்க்க முடியும். அவருக்கும் பயிற்சியும் நியாயமான சம்பளமும் வேண்டும். அவரது சம்பளத்தைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைப்பது தீர்வாகாது. சான் லொரென்சோவில் செலவை வேறொருவர் ஏற்றதால்தான் அந்தத் தாய்மாருக்கு அது கிடைத்தது.

நம் மஹல்லாக்களில் காலை முழுவதும் பூட்டிக் கிடக்கும் மத்ரஸா மண்டபங்கள் எத்தனை? இடத்தைப் பள்ளிவாசல் நிர்வாகம் கொடுக்கட்டும். பராமரிப்பாளரின் சம்பளத்தில் ஒரு பங்கை வசதி படைத்தோர் ஸதகாவாக ஏற்கட்டும். தாய்மார் தங்களால் இயன்றதைக் கொடுக்கட்டும். உரிமையாளர்கள் சுவரைக் காக்கப் போட்ட கணக்கை, நாம் பிள்ளைகளைக் காக்கப் போடக் கூடாதா?