உருவிய வாளை உறையில் இடுதல்: நக்கயாமா ஹக்குடோவின் வாழ்க்கை

வாள் என்ற சொல்லை நான் அதிகம் எழுதியது வாள்வெட்டுச் செய்திகளில்தான். யாழ்ப்பாணத்தில் செய்தி சேகரிக்கும் பலருக்கும் இது பொருந்தும். மோட்டார் சைக்கிளில் வந்த குழு, நொறுக்கப்பட்ட யன்னல்கள், வைத்தியசாலையில் அனுமதி, பொலிஸார் விசாரணை. பெயரையும் இடத்தையும் மாற்றினால் செய்தி தயார். ஒரு கட்டத்தில் எனக்கு அந்தச் சொல்லே அருவருப்பாகிவிட்டது.

அப்படியொரு செய்தியை அனுப்பிவிட்டு இருந்த இரவில்தான் இணையத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. வயதான இரண்டு ஜப்பானியர்கள் எதிரெதிரே நின்று கெண்டோவின் அடிப்படை வடிவங்களைச் செய்து காட்டுகிறார்கள். ஒருவர் டக்கானோ சசபுரோ. மற்றவர் நக்கயாமா ஹக்குடோ. எதிராளியை வெட்ட வரும் வாள் அவருடைய உடலுக்கு மயிரிழை முன்னால் வந்து நிற்கிறது. பிறகு இருவரும் பதற்றமில்லாமல் பின்வாங்குகிறார்கள். அந்தப் படத்தை நான் பல தடவை பார்த்தேன். நக்கயாமா என்ற மனிதரைத் தேடத் தொடங்கியது அதிலிருந்துதான்.

அவர் 1872ஆம் ஆண்டு கனசாவாவில் பிறந்தார். பழைய சாமுராய்க் குடும்பம். ஆனால், சாமுராய் என்ற வர்க்கமே அப்போது கலைந்துகொண்டிருந்தது. 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சி பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்தது. கட்டாய இராணுவ சேவையைக் கொண்டு வந்தது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. இராணுவத்தினர், பொலிஸார் போன்றோருக்கு மட்டும் விலக்கு. அப்போது நக்கயாமாவுக்கு வயது நான்கு. அவருடைய தலைமுறை வாளை இடுப்பில் செருகிக்கொண்டு வீதியில் நடந்த தலைமுறை அல்ல. வாளால் எந்தப் பயனும் இல்லை என்று அரசு அறிவித்த பிறகே அவர் அதைக் கற்கத் தொடங்கினார்.

முதல் பாடங்களைச் சிறு வயதிலேயே இட்டோ ரியூ மரபின் கிளையொன்றில் பெற்றார். ரியூ என்றால் பாடசாலை, மரபு என்று கொள்ளலாம். இளைஞனாக டோக்கியோவுக்கு வந்து ஷிண்டோ முனென் ரியூ மரபின் ஆசிரியரான நெகிஷி ஷிங்கோரோவின் யூஷின்கான் என்ற பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். நெகிஷி சாதாரண ஆசிரியர் அல்லர். நாடு முழுவதற்கும் பொதுவான கெண்டோ வடிவங்களை 1912இல் வகுத்த குழுவின் முக்கிய உறுப்பினர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் தன்னிடம் வந்த மாணவனின் உழைப்பைக் கண்டு அவரை ஒரு கட்டத்தில் வளர்ப்பு மகனாகவே ஏற்றுக்கொண்டார். பின்னாளில் யூஷின்கான் நக்கயாமாவின் பொறுப்புக்கு வந்தது. கெண்டோவில் அவர் பெயர் டக்கானோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அளவுக்கு உயர்ந்தது. இதே காலப்பகுதியில் உச்சிடா ரியோகோரோ என்பவரிடம் ஜோ எனப்படும் தடியைக் கையாளும் கலையையும் கற்றார்.

ஒரு மனிதர் இத்தோடு நின்றிருக்கலாம். நக்கயாமா நிற்கவில்லை. அவர் தேடியது இயாய் என்ற கலை. உறையிலிருக்கும் வாளை உருவும் அசைவையே முதல் வெட்டாக மாற்றுவது அது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹயாஷிசாக்கி ஜின்சுக்கே இதன் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறார். அவரிடமிருந்து கிளைத்த மரபுகளில் ஒன்று ஷிகோகு தீவிலுள்ள டோசா பகுதியில், இன்றைய கோச்சியில், வேரூன்றியது. எய்ஷின் ரியூ என்று அதைச் சொல்வார்கள். டோசாவின் ஆட்சியாளர்கள் அதை வெளியாருக்குக் கற்பிக்க அனுமதிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அது ஷிமோமுரா, டனிமுரா என்ற இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. வாள் தடைக்குப் பிறகு இரண்டு கிளைகளிலும் அதை முழுமையாக அறிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே எஞ்சினார்கள்.

டோசாவைச் சேராத ஒருவருக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்காது. நக்கயாமாவுக்கு உதவியவர் இட்டகாகி தைசுக்கே. ஜப்பானில் மக்கள் உரிமைக்காகவும் நாடாளுமன்றத்துக்காகவும் இயக்கம் நடத்திய அரசியல் தலைவர். டோசாக்காரர். தன் ஊரின் வாள் கலை அழிந்துவிடக்கூடாது என்பதில் அக்கறை கொண்டிருந்தவர். அவருடைய அறிமுகத்தின் மூலம் நக்கயாமா ஷிமோமுரா கிளையின் ஹொசொக்காவா யொஷிமாசாவிடம் கற்றார். டனிமுரா கிளையைச் சேர்ந்த மொரிமோட்டோ டொக்குமியிடமும் கற்றார்.

அப்போது அவர் நாற்பதைத் தொட்டிருந்தார். டோக்கியோவில் அவர் முன் தலை குனிந்து வணங்கும் மாணவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்டவர் தூரத்துத் தீவின் ஆசிரியர்களுக்கு முன்னால் முழந்தாளிட்டு, வாளை எப்படி உருவுவது என்ற முதல் பாடத்தைப் படிக்கிறார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு துறையில் பெயர் வந்தபிறகு இன்னொன்றில் தொடக்கநிலை மாணவனாக உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த முதல் பாடம் வெளியிலிருந்து பார்க்க மிகச் சாதாரணமானது. ஒருவர் தரையில் முழந்தாளிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே யாரும் இல்லை. இடது கைப் பெருவிரல் வாளின் கைக்காப்பை மெல்லத் தள்ள, இறுகியிருந்த அலகு உறைவாயிலிருந்து விடுபடுகிறது. வலது கை கைப்பிடியைப் பற்றுகிறது. இடுப்பு உயர்கிறது, வலது கால் முன்னால் வருகிறது, வாள் கிடையாக வெளியே வந்து வெட்டுகிறது. பின்பு தலைக்கு மேல் உயர்ந்து மேலிருந்து கீழாக இரண்டாவது வெட்டு. அதன் பிறகு அலகிலுள்ள இரத்தத்தை உதறும் அசைவு. கடைசியாக வாளை உறையில் இடுதல். இந்த நான்கு கட்டங்களும்தான் ஏறத்தாழ எல்லா வடிவங்களுக்கும் எலும்புக்கூடு.

கற்றுத் தேர்தல் என்பது இந்த நான்குக்குள்ளேயே நடக்கிறது. புதிதாக வருபவர் வலது கையின் பலத்தால் வாளை இழுப்பார். தோள் உயரும், வாள் முனை அலையும். சில வருடங்களில் உருவும் வேலையில் பாதி இடது கைக்குரியது என்று புரியும். அந்தக் கை உறையைப் பின்னால் இழுத்தால்தான் நீண்ட அலகு முழுதாக வெளியே வரும். கைப்பிடியைச் சின்னவிரலும் மோதிரவிரலும் பிடிக்க, மற்ற விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். தொடக்கம் மெதுவாக இருந்து, உறைவாயை விட்டு வாள் முனை நீங்கும் கணத்தில் வேகம் உச்சத்தை அடைய வேண்டும். முன்னேற முன்னேறச் சேர்வதை விடக் கழிவதுதான் அதிகம்: தேவையற்ற பலம், தேவையற்ற அவசரம், தேவையற்ற அசைவு.

வாளை உறையில் இடுவதுதான் மிக ஆபத்தான கட்டம். உறையைக் குனிந்து பார்க்கக் கூடாது. கண் விழுந்த எதிரியின் மேலேயே இருக்க வேண்டும். இடது கை விரல்கள் உறைவாயைப் பற்றியிருக்க, அலகின் முதுகு அந்தக் கையின் மேல் வழுக்கிச் சென்று, முனை தானாக வாயில் விழ வேண்டும். கூரான வாளென்றால் சிறு கவனப் பிசகும் உள்ளங்கையைக் கிழித்துவிடும். அதனால்தான் இன்று பெரும்பாலானோர் கூர் இல்லாத உலோகக் கலவை வாள்களோடு பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

நானும் ஒரு நாள் அறைத் தரையில் முழந்தாளிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கையில் ஒரு தடி. சில நிமிடங்களில் கால்கள் மரத்தன. எழும்போது உடல் முன்னால் சாய்ந்தது. நீண்ட வாளோடு வீட்டுக்குள் இப்படி உட்காரும் வழக்கம் சாமுராய்களுக்கு இருக்கவில்லை என்பதைப் பிறகு வாசித்தேன். நீண்ட வாளைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே அமர்வார்கள். ஆகவே, இந்த உட்காரும் வடிவங்கள் சண்டையின் நேரடிப் பிரதி அல்ல. கால்களின் உதவி குறைந்த நிலையில் இடுப்பால் அசையக் கற்பிக்கும் பயிற்சிகள்.

டோசாவில் இதே காலத்தில் ஓயே மசமிச்சி என்ற ஆசிரியரும் மரபைக் காக்கப் பாடுபட்டார். சிதறிக் கிடந்த வடிவங்களை ஒழுங்குபடுத்தி, படிநிலைகளாக்கிக் கற்பித்தார். அவர் வழியில் வந்ததே இன்றைய முசோ ஜிக்கிடென் எய்ஷின் ரியூ. நக்கயாமா தான் கற்றவற்றை டோக்கியோவில் பல தசாப்தங்கள் திருப்பித் திருப்பிச் செய்து தன் கைக்கு இசைவாக்கினார். அவர் வழி முசோ ஷின்டென் ரியூ எனப்படுகிறது. ஒரே வேரின் இந்த இரண்டு கிளைகளும்தான் இன்று உலகில் மிகப் பரவலாகப் பயிலப்படும் இயாய் மரபுகள். ஹொசொக்காவாவிடமிருந்து நக்கயாமா முழு அதிகாரம் பெற்றாரா என்ற தர்க்கம் மரபாளர்களிடையே இன்றும் உண்டு. ஆனால், டோசாவுக்குள் பூட்டிக் கிடந்த ஒன்றைத் தலைநகரில் யாரும் வந்து கற்கும்படி திறந்து வைத்தவர்களில் அவர் முதன்மையானவர் என்பதில் தர்க்கம் இல்லை. இயாய்டோ என்ற பெயர் பரவியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. கெண்டோ, இயாய்டோ, ஜோடோ மூன்றிலும் ஹன்ஷி என்ற உயர் ஆசிரியப் பட்டத்தை முதன்முதலில் பெற்றவரும் அவரே.

இத்தோடு முடித்தால் இது ஒரு நல்ல கலைஞரின் கதையாக இருக்கும். ஆனால், அவர் வாழ்ந்த காலம் அப்படி விடாது.

1920களிலும் 30களிலும் வாள் மீண்டும் அரசுக்குத் தேவைப்பட்டது. 1925இல் டோக்கியோவிலிருந்த இராணுவத்தின் டொயாமா பாடசாலை, அதிகாரிகள் நின்றபடி வாளை உருவி வெட்டுவதற்கான வடிவங்களைத் தொகுத்தது. அந்த வேலையில் நக்கயாமாவின் பங்களிப்பும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 1931இல் கெண்டோவும் ஜூடோவும் இடைநிலைப் பாடசாலைகளில் ஆண்களுக்குக் கட்டாயமாகின. 1937இன் இறுதியில், சீனாவின் நாஞ்சிங் நகரை நோக்கி முன்னேறிய படையின் இரண்டு அதிகாரிகள், யார் முதலில் வாளால் நூறு பேரைக் கொல்வது என்று போட்டியிடுவதாக ஜப்பானியப் பத்திரிகையொன்று எழுதியது. விளையாட்டுச் செய்தி போல எண்ணிக்கைகளை அடுத்தடுத்து வெளியிட்டது. அந்த இருவரும் 1948இல் நாஞ்சிங்கில் மரண தண்டனைக்குள்ளானார்கள்.

அந்த அதிகாரிகள் நக்கயாமாவின் மாணவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய யூஷின்கான் கூடத்திலிருந்து நாஞ்சிங்குக்கு நேர்கோடு போட முடியாது. ஆனாலும், ஊடகக் கற்கை படித்து, வாள்வெட்டுகளை எண்ணிக்கையாக எழுதிப் பழகிய எனக்கு அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கடந்துபோக முடியவில்லை. வெட்டும் வித்தையை இராணுவத்துக்குக் கொடுத்தவர்களுக்கு மட்டுமல்ல, அதைச் சாதனையாக எழுதியவர்களுக்கும் அதில் பங்குண்டு. யுத்தத்துக்குள் வளர்ந்த நமக்கு, ஆயுதப் பயிற்சியும் ஒழுக்கமும் ஒரே மூச்சில் பேசப்படும்போது என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1945இல் ஜப்பான் தோற்றது. நேச நாட்டுப் படைகள் வாள்களைப் பறிமுதல் செய்தன. பாடசாலைகளில் கெண்டோ நிறுத்தப்பட்டது. தற்காப்புக் கலைகளை நாடளாவிய ரீதியில் நிர்வகித்த டாய் நிப்போன் புட்டொக்குகாய் என்ற அமைப்பு 1946இல் கலைக்கப்பட்டது. நான்கு வயதில் ஒரு வாள் தடையைக் கண்ட நக்கயாமா, எழுபது வயதைத் தாண்டி இரண்டாவது தடையைக் கண்டார். முதல் தடை வந்தபோது வாள் பழைய காலத்தின் பொருளாகக் கருதப்பட்டது. இரண்டாவது தடை வந்தபோது அது குற்றத்தின் பொருளாகியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தவற்றில் அவருக்கும் ஒரு சிறு இடம் இருந்தது.

1952இல் அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனம் உருவானது. இராணுவப் பயிற்சியின் வாடை இல்லாத விளையாட்டாக, கல்வியாகக் கெண்டோ மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1958 டிசம்பர் 14ஆம் திகதி நக்கயாமா காலமானார். தனக்குப் பின் இவரே தலைவர் என்று ஒருவரையும் அவர் நியமித்துவிட்டுப் போகவில்லை. முசோ ஷின்டென் ரியூவுக்கு இன்றும் ஒற்றைத் தலைவர் கிடையாது. அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம் கண்டதைக் கொண்டு சென்றார்கள். ஒரே வடிவம் கிளைக்குக் கிளை சற்று வேறுபடுவதும் அதனால்தான். 1969இல் கெண்டோ சம்மேளனம் வெவ்வேறு மரபினர் சேர்ந்து செய்யக்கூடிய ஏழு பொது வடிவங்களை வகுத்தது. பிற்பாடு 1980இல் மூன்றும் 2000இல் இரண்டும் சேர்ந்து இன்று பன்னிரண்டாக உள்ளன.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இப்போதும் இடைக்கிடை பார்ப்பேன். முன்பு போல வியப்பு மட்டும் வருவதில்லை. அந்தக் கைகள் எவ்வளவு நுட்பமானவை என்பதும், அந்த நுட்பத்தின் ஒரு பகுதி எங்கே போனது என்பதும் இப்போது சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க எனக்கு விருப்பமில்லை.

போன மாதமும் ஒரு வாள்வெட்டுச் செய்தி எழுத வேண்டியிருந்தது. வழக்கமான வசனங்களை எழுதி முடித்தபின், வெட்டப்பட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று வைத்தியசாலைக்கு அழைப்பெடுத்துக் கேட்டேன். இடது கையில் இரண்டு விரல்களை அசைக்க முடியவில்லையாம். அதையும் செய்தியில் சேர்த்தேன்.