பெர்னார்டு பாரூக்: பொற்குவையும் ஏட்டுக்குவையும்

பொருள் ஈட்டுவார் உலகிற் பலர். பொருளீட்டக் கற்ற நுண்ணறிவைத் தம் நாட்டின் பணிக்கு ஈந்தார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராக அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பெயர்பெற்றவர் பெர்னார்டு பாரூக் என்பார். அவர் விட்டுச்சென்ற கடிதங்களும் குறிப்புகளும் இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூல்நிலையத்திற் பேணப்படுகின்றன. ஒருவர் தம்மைப்பற்றிச் சொல்வது ஒன்று. அவர்தம் ஏடுகள் சொல்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குதலே அவர் வரலாற்றை அறிதற்கு நேரிய வழியாம்.

பாரூக், தென் கரோலினா மாகாணத்துக் காம்டன் என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் யூதர் குடியிற் பிறந்தார். தந்தையார் சைமன் பாரூக், பிரஷ்ய நாட்டினின்றும் குடியேறிய மருத்துவர். உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் படையில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். பின்னர்க் குடும்பம் நியூயார்க் நகர்க்குப் பெயர்ந்தது. அந்நகரக் கல்லூரியில் 1889-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற இளைஞர், வாரத்துக்கு 3 டாலர் கூலிக்கு ஒரு கண்ணாடிக் குப்பி வாணிகரிடம் வேலைக்கு அமர்ந்தார். பின்னர்ப் பங்கு வாணிகத்திற் புகுந்து, தாம் இழந்ததோடு, தந்தையார் அரிதிற் சேர்த்த 8,000 டாலரையும் ஒரு முயற்சியில் இழந்தார். ஆயினும் தந்தையார் மகன்மேல் வைத்த நம்பிக்கையை இழந்திலர். அத்தோல்வி புகட்டிய பாடத்தால், செய்தியை ஆராயாது ஒரு பங்கும் வாங்கலாகாது என்னும் உறுதி அவருள்ளத்தில் வேரூன்றியது. முப்பதாண்டு அகவையை எட்டிய காலத்தே அவர் பெருஞ்செல்வராய் விளங்கினார்.

1916-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் வில்ஸன், நாட்டின் பாதுகாப்புக்கு ஆலோசனை கூறும் குழுவில் அவரை அமர்த்தினார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஒரு பெருஞ்சோதனை வந்துற்றது. வில்ஸன், போர்புரியும் நாடுகளுக்குச் சமாதானம் குறித்து விடுத்த கடிதத்தால் பங்குகளின் விலை சரிந்தது. விலை வீழுமென எதிர்நோக்கி விற்றிருந்த பாரூக்குக்குப் பெரும் ஊதியம் கிட்டியது. அரசாங்க இரகசியத்தை முன்னரே அறிந்து ஆதாயம் தேடினார் என்னும் பழி எழுந்தது. 1917 ஜனவரியிற் சட்டமன்றக் குழுவின்முன் நின்ற அவர், தம் வாணிகக் கணக்குகளை ஒளியாது எடுத்து வைத்தார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிலது. அன்று அவரைக் காத்தது நாவன்மையன்று, ஏட்டின் தூய்மையே. செல்வர் ஒருவர் அரசர்க்கு ஆலோசகராவரேல், அவர்மேல் ஐயம் எழுதல் இயல்பே. அதனை உணர்ந்தே, அவர் பங்குச் சந்தையில் தமக்கிருந்த இடத்தை விற்றுவிட்டுப் பொதுப்பணியில் இறங்கினார்.

1918 மார்ச்சில் போர்த்தொழிற் கழகத்தின் தலைமை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. எஃகு, செம்பு முதலியவை எத்தொழிற்கு முதலில், எத்தொழிற்குப் பின்னர் என வரிசைப்படுத்துதலே அக்கழகத்தின் தலையாய செயல். வீண்வகைகளையும் அது களைந்தது. குதிரைவண்டிச் சக்கரங்களில் 232 வகை இருந்தவற்றை 4 வகையாகக் குறைத்தது என்பர். போர் முடிந்தபின், 1919-இல் வில்ஸனுடன் பாரிஸ் சமாதான மாநாட்டிற்கும் சென்றார்.

இரண்டாம் உலகப்போரில் மலேயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. நம் தமிழ்த் தொழிலாளரும் பால்மரம் வெட்டி உழைத்த தோட்டங்களினின்றும் ரப்பர் வருதல் நின்றது. 1942-இல், கோனன்ட், காம்ப்டன் என்னும் அறிஞர் இருவருடன் பாரூக் இதனை ஆராய்ந்தார். செயற்கை ரப்பர் ஆலைகளை விரைந்து நிறுவுக. வண்டிகளை மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டற்க. சக்கர ரப்பர் தேயாதிருத்தற்பொருட்டுப் பெட்ரோலைப் பங்கிட்டு அளிக்க என அக்குழு அறிவுறுத்தியது. மக்களுக்கு இனியதாகாத உறுதிமொழியே அது. எனினும் கூறத் தயங்கிற்றிலது. வேந்தன் விரும்பானாயினும் உறுதியே உரைத்தல் அமைச்சர் கடன் என்னும் வள்ளுவர் கருத்தை இது நினைப்பூட்டுகின்றது.

அவர் வாழ்விற் பெரிய முயற்சி தோல்வியில் முடிந்தது. 1946 ஜூன் 14-ஆம் நாள், அணுவாற்றலை ஓர் அனைத்துலக அமைப்பின் ஆட்சிக்குள் வைக்கும் திட்டத்தை ஐக்கிய நாடுகளின் அணுசக்திக் குழுவின்முன் அவர் வைத்தார். விதி மீறுவோரைத் தண்டிப்பதில் எந்நாட்டிற்கும் தடையுரிமை இருத்தலாகாது என்றது அத்திட்டம். குண்டுகளை முதலில் தடை செய்க என்றது சோவியத் நாடு. அவ்வாண்டின் இறுதியிற் பத்து நாடுகள் திட்டத்தை ஏற்றன. சோவியத்தும் போலந்தும் வாக்களித்தில. திட்டம் செயற்பட்டிலது. 1949-இற் சோவியத்தும் குண்டைச் சோதித்தது. இருவரும் ஒருவரையொருவர் நம்பாமையால் உலகம் பெற்ற துன்பத்தை இன்றும் நாம் சுமக்கின்றோம்.

பூங்கா விசுப்பலகையில் அமர்ந்து தலைவர்கட்கு அறிவுரை கூறும் முதியவர் என அவரை நாடு அறிந்தது. 1929-இன் பங்கு வீழ்ச்சியை முன்னுணர்ந்த தீர்க்கதரிசி என்ற புகழும் உடன்வளர்ந்தது. ஆனால் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒரு பத்திரிகையில் வெளிவந்த அவர் கருத்துகளோ நாட்டின் பொருள்நிலைபற்றி நன்னம்பிக்கை நிறைந்தனவாயிருந்தன. ஏடு, புகழைச் சற்றே குறைத்து மெய்யைக் கூட்டுகின்றது.

1965 ஜூன் 20-ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் அகவையில் பாரூக் மறைந்தார். 1917-இல் அவருக்குத் துணைநின்றது ஏடு. 1929 பற்றி அவர் புகழைத் திருத்தியதும் ஏடே. தம்மைப் பின்வருவார் ஆராய்தற்கு ஏடுகளை விட்டுச்செல்வார், தம்மைத் தாமே நடுவரின்முன் நிறுத்துவாராவர். மாணவ நண்பர்காள்! செல்வம் சேர்த்தல் நம்மிற் பலர்க்கு வாய்க்காமற் போகலாம். ஆயினும் எந்நாளில் எவர் திறந்து நோக்கினும் நாணாதபடி நம் கணக்கை எழுதிவைத்தல் நம் அனைவர்க்கும் இயலுவதே.