இரண்டே ஆட்டங்கள்

கால்பந்தாட்டத்தில் கோல் போடுபவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து அவருக்குக் கொடுத்தவரை யார் நினைக்கிறார்கள்? அப்படிப் பறித்துக் கொடுப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவர் ஸ்பெயின் நாட்டு ஆன்ஹெல் சுபியேத்தா.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் கால்தாக்கானோ என்னும் ஊரில் 1918 ஜூலை 17-இல் பிறந்தார். அக்காலத்தில் பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என நின்று ஆடுவார்கள். சுபியேத்தா அந்த நடு மூவரில் ஒருவர். எதிரியின் முன்வரிசையை முதலில் மறிக்க வேண்டியவர்கள் இவர்களே. ஓட்டமும் அதிகம், உதையும் அதிகம், பெயர் மட்டும் குறைவு!

பில்பாவோ நகரத்து அத்லெட்டிக் அணி 1935-36-இல் நாட்டின் வெற்றிக் கோப்பையை வென்றபோது அவர் அதில் இருந்தார். 1936 ஏப்ரல் 26-இல், 17 வயதில், பிராக் நகரில் ஸ்பெயினுக்காகக் களமிறங்கினார். ஒரு வாரம் கழித்துச் சுவிட்சர்லாந்தில் இன்னோர் ஆட்டம். இத்தனை இளம் வயதில் அந்த நாட்டுக்கு ஆடியவர் அதற்கு முன் யாருமில்லை.

அவருடைய பதினெட்டாம் பிறந்த நாளன்றே இராணுவக் கலகம் வெடித்து உள்நாட்டுப் போரானது. ஆட்டங்கள் நின்றன. பாஸ்க் அரசு, போரில் துன்புற்றோருக்கு நிதி திரட்டவும் தம் மக்களின் நிலையை உலகுக்குச் சொல்லவும் ஓர் அணியை வெளிநாடு அனுப்பியது. அந்த அரசின் தலைவர் அகிர்ரே ஒரு காலத்தில் அத்லெட்டிக் அணியில் ஆடியவர்தாம். பாரிஸில் முதல் ஆட்டம் 1937 ஏப்ரல் 26. பிராக் ஆட்டத்திற்குச் சரியாக ஓராண்டு. அணி வென்றது. அதே நாளில், சுபியேத்தா பிறந்த மாநிலத்துக் குவெர்னிக்கா நகரம் ஜெர்மானிய விமானங்களின் குண்டுகளால் எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் சோவியத் நாட்டில் இருந்த ஜூன் மாதத்தில் பில்பாவோவும் வீழ்ந்தது.

ஊரை விட்டு நாற்பது மைல் தள்ளி விடுதியில் சேர்ந்த முதல் வாரம் நான் தலையணையில் முகம் புதைத்து அழுதவன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கென்று வெளியூர் வந்த முதல் ஆளும் நானே. ஆனால் எனக்குச் சனிக்கிழமைப் பேருந்து இருந்தது. பத்தொன்பது வயதை எட்டும்போது சுபியேத்தாவுக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

அணி அமெரிக்கக் கண்டம் சென்றது. அர்ஜென்டினாவில் ஆட அனுமதி மறுக்கப்பட்டது; உலகக் கால்பந்துச் சங்கத்தின் தடை. மெக்சிகோ இடங்கொடுத்தது. 1938-39-இல் அந்நாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றபின் அணி கலைந்தது. சுபியேத்தா தோழர்கள் சிலரோடு புவெனஸ் அயர்சின் சான் லொரென்சோ கழகத்தில் சேர்ந்தார்.

சில காலம் தங்க வந்தவர்போல் வந்தவர், 1952 வரை இருந்துவிட்டார். 350-க்கு மேற்பட்ட ஆட்டங்கள்; கோல்களோ முப்பதைத் தொடவில்லை. 1946-இல் அக்கழகம் அர்ஜென்டினாவின் வெற்றி அணியானது. ஃபாரோ, பொன்தோனி, மார்த்தினோ என்ற முன்வரிசை மூவரின் புகழ் இன்றும் பேசப்படுகிறது. அவர்களுக்குப் பின்னால் நின்றவரைப் பற்றிப் பேச்சு குறைவுதான். இதில் எனக்கு வருத்தமுண்டு.

அவ்வணி அந்த ஆண்டின் இறுதியில் ஸ்பெயினுக்குச் சுற்றுப்பயணம் வந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் தாய்மண்ணை மிதித்த சுபியேத்தா, பார்சலோனாவில் 1947 புத்தாண்டு நாளில் ஸ்பெயின் தேர்வு அணியை எதிர்த்து ஆடினார்! சான் லொரென்சோ 7-5 என வென்றது. அன்று அவர் மனம் எந்தப் பக்கம் நின்றிருக்குமோ?

1952-இல் ஸ்பெயின் திரும்பி லா கொருன்யா நகர அணிக்கு ஆடினார், பிறகு பயிற்சியாளரானார். 1985-இல் மறைந்தார். ஸ்பெயினுக்காக அவர் ஆடியவை அந்த இரண்டே ஆட்டங்கள். மிக இளையவர் என்ற பெயரோ 85 ஆண்டுகள் அவரிடமே இருந்தது. 2021 அக்டோபரில் காவி என்னும் 17 வயது இளைஞர் அதைப் பெற்றுக்கொண்டார்.